கோபன்ஹேகனின் விந்தணுக் கணக்கு

1972-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் இரண்டு பக்கத்துக்குள் அடங்கிவிடும் ஒரு குறிப்பு வந்தது. எழுதியவர் டென்மார்க்கைச் சேர்ந்த நீல்ஸ் ஸ்காக்கெபெக். வயது 36. குழந்தையில்லை என்று வந்த இரண்டு ஆண்களின் விந்தகத்திலிருந்து கடுகளவு திசுவை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்திருந்தார். விந்தணு உற்பத்தியாகும் குழாய்களின் உள்சுவரை ஒட்டி, வரிசையாக, அங்கே இருக்கக் கூடாத செல்கள் நின்றன. ஒவ்வொன்றும் பெரிது, உட்கரு கறுத்துப் பருத்திருந்தது, சுற்றியுள்ள பகுதியோ வெளிறிப்போய் இருந்தது. பிற்பாடு அந்த இரண்டு பேருக்குமே விந்தகத்தில் புற்றுக்கட்டி வந்தது.

கட்டி வருவதற்கு முன்பே, கையால் தொட்டாலும் தட்டுப்படாத நிலையில், புற்று அங்கே குடியேறியிருந்தது என்பதுதான் அந்தக் குறிப்பின் சாரம். தலைப்பிலேயே 'இருக்கலாம்' என்ற சொல்லைச் சேர்த்திருந்தார். இரண்டே நோயாளிகளை வைத்துக்கொண்டு அதற்கு மேல் அடித்துச் சொல்ல முடியாது என்பது அவருக்குத் தெரியும்.

உலகம் ஸ்காக்கெபெக்கை அறிந்தது இதற்காக அல்ல. 20 ஆண்டு கழித்து அவர் குழு வெளியிட்ட ஒரு எண்ணுக்காக. ஆண்களின் விந்தணு எண்ணிக்கை அரை நூற்றாண்டில் ஏறக்குறையப் பாதியாகிவிட்டது என்ற செய்தியை நாம் எல்லோரும் எங்கேயாவது படித்திருப்போம். அந்தச் செய்தியின் ஊற்றுக்கண் அவர்தான். என் கணிப்பில், அவரைப் பிரபலமாக்கிய எண்தான் அவர் செய்த வேலைகளிலேயே மிக அதிகம் ஆட்டம் காணக்கூடியது. யாரும் பேசாத அந்த இரண்டு பக்கம்தான் அசையாமல் நிற்கிறது.

யாருக்கும் சொந்தமில்லாத நோயாளி

அன்றைக்குக் குழந்தையில்லாத ஆண் எந்த டாக்டரின் நோயாளி என்பதே தெளிவில்லை. பெண்ணுக்கு மகப்பேறு மருத்துவர் இருந்தார். ஆண் போனால் யூராலஜிஸ்ட் பார்ப்பார்; அடைப்பு, சிரை வீக்கம் இருந்தால் அறுவை செய்வார்; இல்லையென்றால் 'ஒன்றும் செய்வதற்கில்லை' என்று அனுப்பிவிடுவார். ஸ்காக்கெபெக்கின் துறை இரண்டும் அல்ல. வளரும் குழந்தைகளின் ஹார்மோன்தான் அவர் பாடம். 1990-ல் கோபன்ஹேகனின் ரிக்ஸ்ஹோஸ்பிடலெட் மருத்துவமனையில் அவர் உருவாக்கிய துறைக்கு 'வளர்ச்சியும் இனப்பெருக்கமும்' என்று பெயர் வைத்தார். குழந்தையின் வளர்ச்சியையும் பெரியவனின் மலட்டுத்தன்மையையும் ஒரே கூரையின் கீழ் வைத்தது தற்செயல் இல்லை. அவருடைய வாழ்நாள் வாதமே அதுதான்.

1978-ல் இரண்டு நோயாளிகள் 555 ஆனார்கள். குழந்தையில்லாத 555 ஆண்களின் பயாப்ஸியை அவர் ஆராய்ந்ததில் 6 பேரிடம் அந்தச் செல்கள் இருந்தன. ஐந்து ஆண்டுகூட ஆவதற்குள் அந்த ஆறில் நான்கு பேருக்குப் புற்று பரவும் கட்டியாக மாறியது. 'இருக்கலாம்' என்ற சொல்லுக்கு இனி வேலை இல்லை. ஃபார்மலினில் போட்டால் விந்தகத் திசு சுருங்கிச் செல்களின் உருவம் கெட்டுப்போகும், புவாங் போன்ற வேறு திரவத்தில் போடுங்கள் என்று நோய்க்கூறு நிபுணர்களிடம் சொல்ல வேண்டியிருந்தது. இத்தகைய சில்லறை விஷயங்களில்தான் ஒரு கண்டுபிடிப்பு நடைமுறைக்கு வருகிறது அல்லது வராமலே போகிறது.

1986-ல் டென்மார்க் ஆய்வாளர்கள் இன்னொரு படி போனார்கள். ஒரு பக்க விந்தகத்தில் புற்று வந்து அதை அகற்றிய 500 ஆண்களின் மறுபக்கத்தைச் சோதித்தார்கள். 27 பேரிடம் அங்கேயும் அதே செல்கள். சும்மா விட்டால் ஐந்து ஆண்டில் அவர்களில் பாதிப்பேருக்குக் கட்டி வரும் என்று கணக்கு சொன்னது. விந்தகப் புற்று பெரும்பாலும் 15 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையே தாக்குவது. இருபதுகளில் இருக்கும் ஒருவன் இரண்டு விந்தகத்தையும் இழந்தால் வாழ்நாள் முழுக்க ஊசியிலோ மருந்திலோ ஆண் ஹார்மோனை வாங்கித்தான் ஓட்ட வேண்டும். முன்கூட்டியே கண்டுபிடித்தால் குறைந்த அளவுக் கதிர்வீச்சு போதும்; அந்தச் செல்கள் அழிந்துவிடும். விந்தணுவும் போய்விடும் என்பது உண்மைதான், ஆனால் ஹார்மோன் சுரக்கும் திறனைப் பெருமளவு காப்பாற்ற முடிந்தது. இன்று இந்த நிலைக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் தனிப் பெயரே உண்டு.

போர்க்காலத்துப் பிள்ளைகள்

அந்த வெளிறிய செல்கள் எங்கிருந்து வந்தன? பெரியவர்களின் விந்தகத்தில் அவற்றுக்கு இணை கிடையாது. கருவில் வளரும் ஆண் சிசுவின் விந்தகத்தில் இருக்கும் ஆதிச் செல்களோடு அவை அச்சு அசலாக ஒத்துப்போயின. அந்த ஆதிச் செல்களில் காணப்படும் புரதங்களும் இவற்றில் இருந்தன. அதாவது, தாயின் வயிற்றில் முதிர்ந்திருக்க வேண்டிய செல்கள் சில முதிராமல் தங்கி, பருவ வயதில் ஹார்மோன் பாய்ந்ததும் விழித்துக்கொள்கின்றன. 25 வயதில் வரும் புற்றின் விதை பிறப்பதற்கு முன்பே விழுந்துவிட்டது என்ற முடிவுக்கு ஸ்காக்கெபெக் வந்தார்.

இதற்குத் துணையாக ஒரு விநோதமான சான்றும் கிடைத்தது. அன்றைக்கு டென்மார்க்கில் விந்தகப் புற்று உலகிலேயே மிக அதிகமாக இருந்தது. ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டும் இருந்தது. பிறந்த ஆண்டுவாரியாகப் பிரித்துப் பார்த்த ஹென்ரிக் மோலர் 1989-ல் ஒன்றைக் கவனித்தார். இரண்டாம் உலகப் போரின்போது, ஜெர்மனியின் பிடியில் நாடு இருந்த ஆண்டுகளில் பிறந்தவர்களிடம் மட்டும் அந்த ஏற்றம் தடைபட்டிருந்தது. அவர்களுக்குப் புற்று வந்ததோ போர் முடிந்து எத்தனையோ ஆண்டுகளுக்குப் பிறகு, வளர்ந்து ஆளான பின்பு. போர்க்காலத்துத் தட்டுப்பாட்டில் கர்ப்பிணிகளுக்கு எது கிடைக்காமல் போனது, அந்த இல்லாமை எப்படிப் பிள்ளைகளைக் காத்தது என்பது இன்றும் முழுதாக விளங்கவில்லை. ஆனால் காரணம் கர்ப்பகாலத்தைச் சுற்றித்தான் இருக்கிறது என்று அது விரல் நீட்டியது.

பக்கத்து நாடுகளும் சாட்சி சொல்லின. ஃபின்லாந்தில் விந்தகப் புற்று டென்மார்க்கைவிட வெகு குறைவு. விந்தகம் இறங்காமல் பிறக்கும் ஆண் குழந்தைகள் டென்மார்க்கில் 9 சதவீதம், ஃபின்லாந்தில் 2.4 சதவீதம் என்று 2004-ல் ஒரே முறையில் எடுத்த ஒப்பீடு சொன்னது. மரபணுதான் காரணம் என்று முடித்துவிடலாமா? முடியாது. ஃபின்லாந்திலிருந்து ஸ்வீடனுக்குக் குடிபெயர்ந்தவர்கள் தங்கள் குறைந்த புற்று விகிதத்தையும் கூடவே கொண்டுபோனார்கள். அங்கேயே பிறந்த அவர்கள் பிள்ளைகளுக்கோ ஸ்வீடன்காரர்களின் விகிதம் ஒட்டிக்கொண்டது. ஒரே தலைமுறையில் மரபணு மாறாது. மாறியது தாய் உண்டதும், உடுத்ததும், சுவாசித்ததும்.

11.3 கோடி, 6.6 கோடி

இப்போது அந்தப் புகழ்பெற்ற எண்ணுக்கு வருவோம். 1992 செப்டம்பரில் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் எலிசபெத் கார்ல்சென், ஸ்காக்கெபெக் உள்ளிட்ட நால்வரின் கட்டுரை வந்தது. 1938 முதல் உலகெங்கும் வெளியான 61 ஆய்வுகள், மொத்தம் 14,947 ஆண்கள். 1940-ல் ஒரு மில்லி லிட்டர் விந்தில் சராசரி 11.3 கோடியாக இருந்த விந்தணு, 1990-ல் 6.6 கோடியாகிவிட்டது. விந்தின் அளவும் 3.4 மில்லியிலிருந்து 2.75 மில்லியாகக் குறைந்திருந்தது.

உலகம் அல்லோலகல்லோலப்பட்டது. அடுத்த ஆண்டே பிபிசி இதை வைத்து ஒரு ஆவணப்படம் எடுத்தது. ஆண் இனமே அழியப்போகிறது என்று எழுதியவர்கள் உண்டு.

புள்ளியியல்காரர்கள் வேறு கேள்வி கேட்டார்கள். 1970-க்கு முந்தைய தரவு எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து, அதிலும் நியூயார்க்கிலிருந்து. 1951-ல் மெக்லியோடும் கோல்டும் எண்ணிய ஆயிரம் ஆண்கள் அந்தப் பழைய கணக்கின் பெரும் தூண். 1996-ல் ஹாரி ஃபிஷ் என்ற நியூயார்க் டாக்டர் அமெரிக்காவின் மூன்று விந்து வங்கிகளின் 25 ஆண்டுத் தரவைப் பார்த்தார். எண்ணிக்கை குறையவில்லை. ஆனால் ஊருக்கு ஊர் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்: நியூயார்க்கில் 13.1 கோடி, மினசோட்டாவில் 10 கோடி, கலிஃபோர்னியாவில் 7.3 கோடி. அப்படியானால் சிரபுஞ்சியின் 1940 மழையையும் ராமநாதபுரத்தின் 1990 மழையையும் ஒரே கோட்டில் போட்டு, நாட்டில் மழை குறைந்துவிட்டது என்று சொன்ன கதையாகாதா?

பிரான்சே இரண்டுபட்டது. பாரிஸில் விந்து தானம் செய்தவர்களிடம் 1973-க்கும் 1992-க்கும் இடையே 8.9 கோடி 6 கோடியாகச் சரிந்திருந்தது. ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதச் சரிவு. அதே பிரான்சின் தெற்கே துலூஸ் நகரில் எந்த இறக்கமும் இல்லை.

விந்தணுவை எண்ணுவதே லேசுப்பட்ட காரியம் அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். கட்டம் போட்ட கண்ணாடித் தகட்டில், நீர்த்துப்போகச் செய்த விந்தில் ஒரு துளி விட்டு, ஒவ்வொரு கட்டமாக ஆள் உட்கார்ந்து எண்ணுவது பழைய முறை. எந்தத் தகடு, எவ்வளவு நீர்த்தது, எத்தனை நாள் தாம்பத்தியம் இல்லாமல் இருந்துவிட்டு வந்தார், காய்ச்சல் வந்து எத்தனை வாரம் ஆயிற்று என்று எல்லாமே விடையை மாற்றும். ஒரே ஆள் இந்த வாரம் ஓர் எண்ணும் அடுத்த வாரம் அதில் பாதியும் கொடுப்பார். ஒரே ஒரு ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு இரவெல்லாம் தூங்காமல் கிடக்கும் நம்மூர் இளைஞர்களுக்கு இதை யாராவது சொல்ல வேண்டும். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லலாம்: விந்தணு எண்ணிக்கைக்கும் 'ஆண்மைக் குறைவு' என்று ஊர் ஊராக லாட்ஜில் ரூம் போட்டு லேகியம் விற்பவர்கள் பேசும் விஷயத்துக்கும் சம்பந்தம் இல்லை. தாம்பத்தியத்தில் எந்தக் குறையும் இல்லாதவரின் ரிப்போர்ட்டிலும் சைபர் வரும்.

பட்டாளத்துக்குப் போகும் பையன்கள்

விமர்சனத்துக்கு ஸ்காக்கெபெக்கின் குழு கொடுத்த பதில் எனக்குப் பிடித்திருக்கிறது. பழைய காகிதங்களை வைத்து எத்தனை நாள் மல்லுக்கட்டுவது? புதிதாக எண்ணுவோம் என்று கிளம்பினார்கள்.

டென்மார்க்கில் 18 வயதான ஆண்கள் கட்டாய ராணுவ சேவைக்கான உடல் தகுதிச் சோதனைக்கு வந்தாக வேண்டும். பணக்காரன், ஏழை, குழந்தை பெற்றவன், பெறாதவன் என்று பார்க்காமல் ஊரே வந்து நிற்கும் இடம் அது. 1996 முதல் அங்கே வந்த பையன்களிடம், விருப்பமிருந்தால் ரிக்ஸ்ஹோஸ்பிடலெட்டுக்கு வந்து விந்து மாதிரி கொடுங்கள் என்று கேட்டார்கள். பலர் மறுத்தார்கள், ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். ஒரே ஆய்வகம், ஒரே முறை, வருடம் தவறாமல்.

2010 வரை எண்ணிய 4,867 பேரின் கணக்கு 2012-ல் வெளியானது. எண்ணிக்கை சரிந்திருந்ததா? இல்லை. 4.3 கோடியிலிருந்து 4.8 கோடியாகக் கொஞ்சம் ஏறியிருந்தது. 'ஆண்டுக்கு ஆண்டு சரிகிறது' என்ற கூற்றுக்கு அவர்கள் வீட்டுத் தரவே ஒத்துழைக்கவில்லை. அதை அவர்களே அச்சிட்டார்கள்.

ஆனால் நிம்மதிப் பெருமூச்சு விட முடியாது. சரிவைவிட அந்த எண்தான் கவலைக்குரியது. 1998-ல் வெளியான ஓர் ஆய்வுக்காக டென்மார்க்கில் முதல் குழந்தைக்கு முயன்ற 430 தம்பதிகளைத் தொடர்ந்து கவனித்திருந்தார்கள். மில்லி லிட்டருக்கு 4 கோடி வரை விந்தணு கூடக் கூடக் கர்ப்பம் தரிக்கும் வாய்ப்பும் கூடியது. அதற்கு மேல் கூடியும் பயனில்லை. ஆக, 11 கோடியிலிருந்து 6.6 கோடிக்கு இறங்கினாலும் தொட்டில் ஆடுவதில் தாமதம் இருக்காது. டென்மார்க் பையன்களின் நடுமட்டமோ அந்த 4 கோடிக் கோட்டை உரசிக்கொண்டு நிற்கிறது. ஏறக்குறையப் பாதிப்பேர் அதற்குக் கீழே. எண்ணிக்கையும் வடிவமும் சேர்ந்து நன்றாக இருந்தவர்கள் 23 சதவீதம் மட்டுமே. (உலக சுகாதார நிறுவனம் 2021-ல் கொடுத்த கீழ்வரம்பு 1.6 கோடி. அது குழந்தை பெற்ற ஆண்களில் கடைசி 5 சதவீதத்தைப் பிரிக்கும் கோடு. அதைத் தாண்டிவிட்டால் கவலையில்லை என்று அர்த்தமில்லை.)

நல்ல மதிப்பெண் வாங்கிய ஃபின்லாந்தும் தப்பவில்லை. 1979 வாக்கில் பிறந்த ஃபின்லாந்து ஆண்களைவிட 1987-ல் பிறந்தவர்களுக்கு எண்ணிக்கை குறைவு, விந்தகப் புற்றும் பிந்தைய தலைமுறைகளில் அதிகம் என்று 2011-ல் தெரியவந்தது.

2001-ல் ஸ்காக்கெபெக் இழைகளையெல்லாம் ஒன்றாக முறுக்கினார். குறைந்த விந்தணு, விந்தகப் புற்று, இறங்காத விந்தகம், சிறுநீர்த் துளை இடம் மாறிப் பிறத்தல் ஆகிய நான்கும் தனித்தனி நோய்கள் அல்ல. கருவில் விந்தகம் சரியாக உருவாகாததன் நான்கு முகங்கள் என்றார். இதன் இயக்கம் ஓரளவு புரியக்கூடியதே. விந்தணுவை ஊட்டி வளர்ப்பவை செர்டோலி செல்கள். ஒரு செர்டோலி செல்லால் இத்தனை விந்தணுவைத்தான் தாங்க முடியும் என்று வரம்பு உண்டு. அவை பெருகுவது கருவிலும் பருவம் எய்துவதற்கு முன்பும் மட்டுமே, அதன்பின் கூடுவதில்லை. கருவின் 8-வது வாரத்திலிருந்து 14-வது வாரம் வரை ஆண் ஹார்மோன் குறைந்தால் அடித்தளமே ஆட்டம் கண்டுவிடும் என்பது எடின்பரோவின் ரிச்சர்ட் ஷார்ப் குழுவினர் எலிகளை வைத்துக் கணித்தது.

அந்த ஹார்மோனைக் குறைப்பது எது? 1993-ல் ஷார்ப்பும் ஸ்காக்கெபெக்கும் பெண் ஹார்மோனைப் போல நடந்துகொள்ளும் ரசாயனங்களைச் சந்தேகித்தார்கள். பிற்பாடு பார்வை ஆண் ஹார்மோனைத் தடுப்பவற்றின் பக்கம் திரும்பியது. பிளாஸ்டிக்கை மிருதுவாக்கும் தாலேட்டுகளைச் சினை எலிகளுக்குக் கொடுத்தால் ஆண் குட்டிகளுக்கு இறங்காத விந்தகமும் இடம் மாறிய துளையும் வருகின்றன. இது ஆய்வகத்தில் திரும்பத் திரும்ப நிரூபணமானது. மனிதர்களிடம் சான்று உண்டு, அவ்வளவு வலுவாக இல்லை. கர்ப்பகாலத்தில் புகைத்த தாய்மாரின் மகன்களுக்கு விந்தணு குறைவு என்பது ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வில் தெரிந்தது. ஐயத்துக்கு இடமே இல்லாத ஒரு சம்பவமும் உண்டு. 1977-ல் கலிஃபோர்னியாவின் லேத்ராப் ஊரில் பூச்சிக்கொல்லித் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டபோதுதான், அந்தப் பிரிவில் யாருக்குமே குழந்தை பிறப்பதில்லை என்பது உறைத்தது. சோதித்துப் பார்த்தால் பலருக்கு விந்தணுவே இல்லை. டிபிசிபி என்ற நூற்புழுக்கொல்லி மருந்துதான் காரணம். இரண்டே ஆண்டில் அமெரிக்காவில் அதன் பயன்பாடு பெருமளவு தடையானது. அவர்களுக்கு நேர்ந்தது வளர்ந்த பிறகு. ஸ்காக்கெபெக் சொல்வது பிறப்பதற்கு முன். முதலாவதை நிரூபிக்கத் தொழிற்சாலை போதும். இரண்டாவதை நிரூபிக்கக் கர்ப்பிணியின் ரத்தத்தை எடுத்து வைத்துவிட்டு, மகன் ஆளாகும்வரை 20 ஆண்டு காத்திருக்க வேண்டும்.

எண்ணிக்கைச் சண்டை இன்னும் ஓயவில்லை. 2017-ல் ஜெருசலேமின் ஹகாய் லெவின், நியூயார்க்கின் ஷானா ஸ்வான் குழு 185 ஆய்வுகளைத் திரட்டி, மேற்கு நாடுகளில் 1973-க்கும் 2011-க்கும் இடையே விந்தணுச் செறிவு பாதிக்கு மேல் குறைந்தது என்றது. 2022-ல் ஆசியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்காவையும் சேர்த்து, அங்கேயும் சரிவுதான் என்றது. 2017 கணக்குக்கு ஹார்வர்டின் ஒரு குழு எதிர்வாதம் வைத்தது: இடத்துக்கு இடம் எண்ணிக்கை இயல்பாகவே மாறும், பழைய மேற்கத்திய எண்ணை ஏன் எல்லோருக்கும் உகந்த அளவாகக் கொள்ள வேண்டும்? நியாயமான கேள்விதான். ஆனால் விந்தகப் புற்று ஏறியதை எண்ணும் முறையின் கோளாறு என்று தள்ள முடியாது. புற்றுநோய்ப் பதிவேட்டில் ஏறுவது ஆள் கணக்கு. கட்டத் தகடும் துளியும் அங்கே இல்லை. விந்தணுவைப் பற்றிய ஐயம் எனக்குக் குறைவதற்குக் காரணம் அந்தப் பதிவேடுதான்.

அதே 1992

கார்ல்சென் கட்டுரைக்கு இரண்டு மாதம் முன்பு, 1992 ஜூலையில், 'லான்செட்'டில் வேறொரு கட்டுரை வந்திருந்தது. பிரஸ்ஸல்ஸில் ஜான்பியரோ பலெர்மோவும் கூட்டாளிகளும் ஒரே ஒரு விந்தணுவை ஊசியால் கருமுட்டைக்குள் நேரே செலுத்திக் கர்ப்பம் உண்டாக்கியிருந்தார்கள். இன்று நம்மூர் பஸ் ஸ்டாண்டு விளம்பரப் பலகைகளில்கூட இருக்கும் 'இக்ஸி' அதுதான். கோடிக்கணக்கில் விந்தணு தேவை என்ற நிலை போய் ஒன்று போதும் என்றாகிவிட்டது.

எத்தனையோ வீடுகளில் விளக்கேற்றிய கண்டுபிடிப்பு, மறுப்பதற்கில்லை. ஆனால் ஏன் குறைந்தது என்ற கேள்வியை அது அவசரமில்லாததாக்கிவிட்டது. குறை கணவனிடம் இருந்தாலும் பத்துப் பன்னிரண்டு நாள் ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்வது மனைவி. மயக்கம் கொடுத்து முட்டையை எடுப்பது மனைவியிடம். 'விசேஷம் ஏதும் உண்டா?' என்று கேட்கும் ஊரும் அவளைப் பார்த்துத்தானே கேட்கிறது. குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறையப் பாதிப்பேரிடம் ஆண் பக்கக் குறையும் இருக்கிறது என்பது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த விஷயம்.

2016-ல் பிரஸ்ஸல்ஸ் குழுவே தன் முதல் அறுவடையைத் திரும்பிப் பார்த்தது. தந்தையின் குறையால் இக்ஸி முறையில் பிறந்து ஆளான 54 இளைஞர்களைச் சோதித்தது. இயல்பாகக் கருவானவர்களின் நடுமட்டம் 3.7 கோடி, இவர்களுடையது 1.77 கோடி. சின்ன ஆய்வு, 54 பேரை வைத்து இறுதித் தீர்ப்பு எழுத முடியாது. இருந்தாலும் தகப்பனின் குறை தாண்டிப் போய்விடவில்லை, மகனிடம் வந்து நிற்கிறது என்ற ஐயத்தை அது வலுவாக்கியது.

டென்மார்க்கில் இன்று பிறக்கும் குழந்தைகளில் பத்தில் ஒன்று ஏதாவது ஒரு கருத்தரிப்புச் சிகிச்சையின் உதவியோடு வருகிறது. 85 வயதில் ஸ்காக்கெபெக் முதல் ஆசிரியராக எழுதிய ஒரு கட்டுரை, தொழில்மயமான நாடுகளில் பிறப்பு விகிதம் சரிந்ததை நிலக்கரி, பெட்ரோலியத்திலிருந்து வரும் ரசாயனங்களோடு சேர்த்துப் பார்க்கச் சொன்னது. கல்வி, வேலை, கருத்தடை, தாமதக் கல்யாணம் என்ற காரணங்களோடு உடலின் இயலாமையும் இருக்கலாம் என்ற வாதம். மக்கள்தொகை நிபுணர்கள் இதை ஏற்கத் தயங்குகிறார்கள். இந்த இடத்தில் அவர் தன் சான்றைவிட நீளமாகக் கை நீட்டுகிறார் என்றே எனக்கும் படுகிறது.

அவருடைய பழைய வேலையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இதைவிட எளியது. ஆண் குழந்தை பிறந்ததும் இரண்டு விந்தகமும் இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பது. ஆறு மாதத்துக்குள் இறங்கவில்லையென்றால் ஒன்றரை வயதுக்குள் அறுவை சிகிச்சை. பெரியவர் என்றால், எண்ணிக்கை குறைவு என்று ரிப்போர்ட் வந்ததும் மனைவிக்கு ஊசி எழுதுவதற்கு முன் கணவரைப் படுக்கவைத்து ஒரு டாக்டர் கையால் தொட்டுப் பார்ப்பது. தேவைப்பட்டால் ஸ்கேன், ஹார்மோன் அளவு. சைபர் என்று வந்தால் மரபணுச் சோதனை. ரிசல்ட் வரக் காத்திருக்கும் நாட்களை விட்டால், இதற்கெல்லாம் ஆஸ்பத்திரியில் ஆகும் நேரம் ஒரு காலைப்பொழுது.